நிரந்தரமும் ஒப்பந்தமும்: ஓர் ஒழுக்கவியல் நோக்கு

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்” என்பது யாழ்ப்பாணத்து மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அரசாங்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே நாட்டார் வாயில் ‘கோறணமேந்து’ எனத் திரிந்தது. செய்யும் தொழில் யாது என்பதைவிட, அது யாரிடத்தே, எத்துணை உறுதியோடு கிடைக்கின்றது என்பதே முதன்மையானது என்னும் எண்ணம் இப்பழமொழியுட் பொதிந்துள்ளது. இவ்வெண்ணம் வெறும் சோம்பலிற் பிறந்ததன்று. மழையை நம்பிய விளைச்சலும், காற்றின் போக்கை நம்பிய கடற்றொழிலும் வாழ்வின் ஆதாரமாக அமைந்த மண்ணில், மாத இறுதியில் தவறாது வந்துசேரும் சம்பளம் ஒரு பேறாகவே கருதப்பட்டது. கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் பிற அரச திணைக்களங்களிலும் பணியாற்றி, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய ‘மலாயன் பென்சனியர்’ யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவகத்திலும் பெற்ற மதிப்பு இப்பழமொழிக்கு உரை எழுதியதுபோல் அமைந்தது.

இதற்கு எதிரான போக்கொன்றும் பின்னர் தோன்றியது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றத்தைத் தொடர்ந்து மத்திய கிழக்கு நாடுகளிற் கட்டுமானப் பணிகள் பெருகின. மின்னிணைப்பாளர், பற்றுவைப்போர், இயந்திரம் திருத்துவோர் ஆகியோர் இலங்கையிலிருந்து குறித்த காலத்து ஒப்பந்தத்தில் அங்குச் சென்றனர். 1985ஆம் ஆண்டு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டத்தினால் நிறுவப்படுமளவுக்கு இப்போக்கு வளர்ந்தது. ஆயுட்கால உத்தியோகத்தில் ஈட்டக்கூடியதைச் சில ஆண்டுகளில் ஈட்டிவிடலாம் என்னும் நம்பிக்கை இளைஞரிடையே வேரூன்றியது. இவ்வாறு, நிரந்தர உத்தியோகமா, ஒப்பந்த வேலையா என்னும் வினா ஒவ்வொரு தொழில்நுட்பவியலாளன் முன்னும் எழலாயிற்று. பொதுவாக இது வருமானம் பற்றிய வினாவாகவே பேசப்படுகின்றது. ஆயின், வருமானக் கணக்கைக் கடந்த ஓர் ஒழுக்க வினாவும் இதனுள் அடங்கியுள்ளது. ஒருவன் தன் உழைப்பின் விளைவுக்கு எவ்வளவு காலம் பொறுப்பாளியாக நிற்கவேண்டும்? அவனது உழைப்பைப் பெறுவோர் அவனுக்கு எவ்வளவு காலம் பொறுப்பாளிகளாக நிற்கவேண்டும்?

இவ்வினாவை ஆராய்வதற்கு யாழ்ப்பாணத்துத் தீவுகள் ஏற்ற களமாக அமைகின்றன. வேலணையும் புங்குடுதீவும் தாம்போதிகளாற் குடாநாட்டோடு இணைந்துவிட்டன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியன இன்றும் கடலாற் பிரிந்தே நிற்கின்றன. குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறியே நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் செல்லவேண்டும். தேசிய மின்வலையமைப்போடு இணையாத இத்தீவுகளுக்கு, ஆங்காங்கே நிறுவப்பட்ட டீசல் மின்பிறப்பாக்கிகளே நெடுங்காலமாக மின்சாரம் வழங்கின. எரிபொருளும் கடல்வழியாகவே வந்து சேரவேண்டும். உதிரிப் பாகமும் அவ்வாறே. கடல் கொந்தளிக்கும் நாளிற் படகு ஓடாது. அத்தகைய நாளில் இயந்திரம் நின்றுபோனால், தீவில் அப்போதுள்ள தொழில்நுட்பவியலாளனைத் தவிர வேறொருவரும் வந்து உதவ இயலாது. பெருநகரில் ஒருவன் விலகினால் மற்றொருவன் அவ்விடத்தை நிரப்பிவிடுகிறான்; ஆதலின் அங்கே இவ்வினாவின் கூர்மை புலப்படுவதில்லை. தீவிலோ, ஒருவன் இருப்பதற்கும் இல்லாமைக்கும் உள்ள வேறுபாடு வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடாகும்.

எடுத்துக்காட்டாக, நெடுந்தீவில் ஓர் இளைஞன் இருப்பதாகக் கொள்ளலாம். தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்று சான்றிதழும் பெற்றுவிட்டான். தந்தை கடற்றொழிலாளி, தமக்கையின் திருமணத்துக்குப் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. அவன் முன்னே இரண்டு வாய்ப்புகள் நிற்கின்றன. ஒன்று, தீவின் மின்னிலையத்தில் இயந்திரங்களைப் பராமரிக்கும் நிரந்தரப் பணி. சம்பளம் குறைவு, இரவுக் கடமையும் உண்டு. மற்றையது, காற்றாலைகளையும் சூரியப் படலங்களையும் பொருத்தும் ஒப்பந்தகாரர் ஒருவரிடம் இரண்டாண்டு வேலை. ஊதியம் அதிகம், இன்று இங்கே, நாளை மன்னார், அதன்பின் யாதோ. இவன் எதனைத் தெரிதல் வேண்டும்? தன் நலத்தை எண்ணித் தெரிவதோடு அவன் கடமை முடிந்துவிடுமா?

நிரந்தரப் பணியை வலியுறுத்துவோர் முதலிற் கூறுவது பாதுகாப்பு. இலங்கைச் சட்டங்கள் இக்கூற்றுக்குத் துணைநிற்கின்றன. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் ஊழியர் சேமலாப நிதியை ஏற்படுத்தியது. அதற்குத் தொழிலாளி சம்பளத்தின் நூற்றுக்கு 8 பங்கினையும், தொழில்கொள்வோர் 12 பங்கினையும் செலுத்துதல் வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், 15 பேருக்குக் குறையாத தொழிலாளர் உள்ள இடங்களில், ஒழுக்காற்று நடவடிக்கை தவிர்ந்த காரணங்களுக்காக ஒருவரை அவரது சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி நீக்குவதைத் தடுத்தது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், ஐந்தாண்டு நிறைவுசெய்தவனுக்கு ஒவ்வோர் ஆண்டு சேவைக்கும் அரைமாதச் சம்பளத்தை உரித்தாக்கியது. இவை தொழிலாளர் இயக்கத்தின் நீண்ட போராட்டத்தால் விளைந்த நன்மைகள், எளிதாக எண்ணத்தக்கவையல்ல. எனினும், பாதுகாப்பை நாடுதல் விவேகம் மட்டுமே. அது தன்னளவில் அறமாகிவிடாது. அச்சத்தினால் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பவனும் பொறுப்புணர்வினால் அங்கு நிலைத்து நிற்பவனும் புறத்தோற்றத்தில் ஒருவரே போலக் காணப்படலாம். ஒழுக்கவியல் அவ்விருவரையும் வேறுபடுத்தியே நோக்கும்.

ஒப்பந்தத்தை உயர்த்துவோர் கூறுவது சுதந்திரம். இதற்கும் வரலாற்றுச் சான்று உண்டு. ஆங்கிலேயச் சட்டவியலறிஞரான ஹென்றி மெயின் 1861இல் வெளியிட்ட பண்டைய சட்டம் பற்றிய நூலில், முன்னேறும் சமூகங்கள் பிறப்பினால் வரும் தகுதிநிலையிலிருந்து உடன்படிக்கையை நோக்கிச் செல்கின்றன என்னும் கருத்தை முன்வைத்தார். யாழ்ப்பாணச் சமூகம் இக்கருத்தைத் தன் அனுபவத்தால் அறியும். அடிமைமுறை 1844இற் சட்டத்தினால் ஒழிக்கப்பட்ட பின்னரும், கைவினைஞரும் தொழிலாளரும் பரம்பரையாகச் சில குடும்பங்களுக்குக் கட்டுப்பட்டுக் குடிமைத் தொழில் செய்யும் வழக்கம் நீடித்தது. அவர்களுக்கும் ஒருவகை ‘நிரந்தரம்’ இருந்தது. அறுவடையிற் பங்கும், விழாவில் வரிசையும் உறுதியாகக் கிடைத்தன. கிடைக்காதது ஒன்றே: வேண்டாம் என்று சொல்லும் உரிமை. தன் கைத்திறனுக்கு விலைபேசி, விரும்பியவரிடம் வேலைசெய்து, வேலை முடிந்ததும் தலைநிமிர்ந்து செல்லும் உரிமை அவர்களது வழித்தோன்றல்களுக்கு விடுதலையாகவே விளங்கிற்று. ஆதலால், நிரந்தரம் என்ற சொல் எல்லார் செவியிலும் ஒரே இனிமையோடு ஒலிப்பதில்லை.

ஜெர்மானிய மெய்யியலாளரான ஹெகலும் உரிமை பற்றிய தமது நூலில் (1821) இதற்கு நெருங்கிய கருத்தொன்றைக் கூறினார். மனிதன் தன் திறமையின் பயனைக் குறித்த காலத்துக்குப் பிறருக்கு வழங்கலாம். தன் காலம் முழுவதையும் உழைப்பு முழுவதையும் வழங்குவானாயின், தன் ஆளுமையையே பிறரின் உடைமையாக்கிவிடுகிறான் என்பது அவர் வாதத்தின் சாரம். இந்நோக்கிற் கால எல்லை ஒரு குறையன்று. மனிதனது சுதந்திரத்துக்கு இடப்பட்ட வேலியாகும்.

இவ்விரு வாதங்களும் வலிமையுடையன. ஆயினும் இரண்டும் தத்தம் வாக்குறுதியை நிறைவேற்றுகின்றனவா என்பதைச் சோதித்தல் வேண்டும். ஒப்பந்தம் சுதந்திரமளிப்பதற்கு, உடன்படும் இருவரும் மறுக்கும் வலிமை உடையோராதல் அவசியம். கடன்பட்டு முகவருக்குப் பணம் கட்டி வளைகுடா நாட்டுக்குச் சென்ற தொழிலாளி, அங்குப் பெரிதும் நிலவிய ஆதரவாளர் முறையின் கீழ் ஒரே முதலாளியிடம் கட்டுண்டான். அவரது இசைவின்றி வேறு வேலைக்கு மாறவும், சில நாடுகளில் வெளியேறவுங்கூட அவனால் இயலவில்லை. பெயரளவில் அது இரண்டாண்டு உடன்படிக்கை. உள்ளடக்கத்திற் பழைய குடிமையிலிருந்து அது எவ்வளவு விலகியது என்பது சிந்தனைக்குரியது.

நிரந்தரத்தின் வாக்குறுதியும் இவ்வாறே. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. வடபகுதித் தொழில்நுட்பவியலாளருக்கு அங்குக் கிடைத்த நியமனம் வாழ்நாள் நியமனமாகவே கருதப்பட்டது. 1990இற் போர் மூண்டபோது அதன் உலைகள் அணைந்தன. பின்னர் தீவகமும் இராணுவத்தின் கைக்குச் சென்றது. மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். வீடும் வேலையும் ஒருங்கே இழந்தோர் பலர். பிற்காலத்தில் எவ்விதப் போருமின்றியே நிறுவனங்கள் மாறுவதையும் காணலாம். 1969இல் நிறுவப்பட்ட இலங்கை மின்சார சபையின் பணிகளைத் தனித்தனிக் கம்பனிகளிடம் ஒப்படைப்பதற்கான சட்டம் 2024இல் நிறைவேறியது. நிரந்தரம் என்பது நிறுவனம் தரும் சொல். வரலாறு அச்சொல்லிற் கையெழுத்திடுவதில்லை.

ஆகவே, பாதுகாப்பு என்னும் அளவுகோலும் சுதந்திரம் என்னும் அளவுகோலும் இவ்வினாவை முற்றாகத் தீர்க்கப் போதியனவல்ல. இரண்டும் வேலையாளை மட்டுமே நோக்குகின்றன, வேலையை நோக்குவதில்லை. வேலையின் இயல்பை நோக்கும்போது வேறொரு தெளிவு பிறக்கின்றது. வேலைகள் இருவகைப்படும். ஒரு முடிவை நோக்கிச் செல்வன ஒருவகை. முடிவே இல்லாதன மற்றொருவகை. பாலம் கட்டுதல், கம்பம் நடுதல், இயந்திரம் பொருத்துதல் ஆகியன முதல்வகையின. நோயாளரைப் பேணுதல், பிள்ளைகளுக்குக் கற்பித்தல், இயந்திரத்தைப் பராமரித்தல் ஆகியன இரண்டாம் வகையின. முதல்வகை வேலைக்கு ‘முடிந்தது’ என்னும் சொல் பெருமை தரும். இரண்டாம் வகை வேலையில் அச்சொல்லுக்கே இடமில்லை.

தீவுகளின் அண்மைக்கால வரலாறு இவ்விருவகையையும் அருகருகே காட்டுகின்றது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றும் சூரிய ஒளியும் டீசலும் இணைந்த கலப்பு மின்திட்டமொன்றை அமைப்பதற்கான ஒப்பந்தம், 2021ஆம் ஆண்டின் தொடக்கத்திற் சீனக் கூட்டு நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது. பூகோள அரசியல் குறுக்கிட்டது. அத்திட்டம் அவ்வாண்டிறுதியில் இடைநிறுத்தப்பட்டது. பின்னர் இந்திய அரசின் நன்கொடையுடன் 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்திய நிறுவனமொன்றோடு புதிய உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. மூன்று தீவுகளுக்குமாகக் காற்றிலிருந்து 530 கிலோவாற்றும், சூரிய ஒளியிலிருந்து 1,700 கிலோவாற்றும், 2,400 கிலோவாற்று மணி மின்சாரத்தைச் சேமிக்கும் மின்கலத் தொகுதியும், துணையாக 2,500 கிலோவாற்று டீசல் மின்பிறப்பாக்கமும் திட்டமிடப்பட்டன. இவற்றை நிறுவும் வேலை முடிவுடையது, தனித்திறன் வேண்டுவது, ஓரிடத்தில் முடிந்தபின் மற்றோரிடத்துக்குச் செல்வது. இதற்கு ஒப்பந்தமே பொருத்தமான வடிவம். இவ்வேலைக்கு நூறு பேரை ஆயுட்காலத்துக்கு நியமிப்பது பொதுப்பணத்தை விரயமாக்குவதாகும். ஆயின், காற்றாலை சுழலத் தொடங்கிய நாளே அதன் பராமரிப்பும் தொடங்குகின்றது. அது சுழலும்வரை அவ்வேலை ஓய்வதில்லை.

பராமரிப்பு என்பது கட்டளை நூலைப் பார்த்துச் செய்யும் வேலை மட்டுமன்று. கடற்காற்றின் உப்பு எந்த முடிச்சை முதலில் அரிக்கும், சோளகக் காலத்திலும் வாடைக் காலத்திலும் எந்தப் பகுதி அதிகம் அதிரும், இயந்திரத்தின் ஒலி எவ்வாறு மாறினால் எப்பழுது நெருங்குகின்றது, நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் மின்தேவை எந்நேரத்தில் உயரும் என்பனவெல்லாம் ஆண்டுகள் பலவற்றால் உடம்பிற் படியும் அறிவு. அது பெரும்பாலும் எழுத்தில் இல்லை. அதனை உடையவன் விலகும்போது அதுவும் படகேறிவிடுகின்றது. அவனுக்குப் பின் வருபவன் அதனை மீண்டும் முதலிலிருந்து கற்றல் வேண்டும். கற்பதற்கான கட்டணத்தை, இருளில் அமர்ந்திருக்கும் மக்களே செலுத்துகின்றனர்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழலாம். ஒப்பந்த வேலையாளனுக்கு மனச்சாட்சி இல்லையா? நிரந்தர ஊழியன் எல்லாம் பொறுப்புடையவனா? இவ்வாதம் நியாயமானது. காரைநகரிலும் ஊர்காவற்றுறையிலும் மரக்கலம் கட்டிய மேத்திரிமார் மாதச் சம்பளம் பெற்றவரல்லர். கலத்துக்கு இவ்வளவு எனப் பேசி வேலைசெய்தனர். ஆயினும் பலகைக்கும் பலகைக்கும் இடையே ஒரு துளி நீரும் புகாதவாறு பார்த்துக்கொண்டனர். தாம் கட்டிய கலத்தில் ஏறிக் கடல்மேற் செல்பவன் தமது அயலவன் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். மறுபுறத்தில், சம்பளம் எவ்வாறாயினும் வந்துசேரும் என்னும் உறுதி சிலரிடத்து மெத்தனமாக மாறுவதையும், நியமனக் கடிதம் கிடைத்த நாளிலேயே கற்பதை நிறுத்திவிடுவோர் உளர் என்பதையும் மறுத்தல் இயலாது. இதிலிருந்து பெறப்படும் உண்மை யாது? பொறுப்புணர்வு நியமனத்தின் வகையினாற் பிறப்பதன்று. தன் வேலையின் விளைவை அனுபவிப்போரின் முகத்தை நேர்நின்று காணும் நிலையினாற் பிறப்பது. நிரந்தரப் பணி அந்நிலைக்கு வாய்ப்பளிக்கின்றது; உறுதியளிப்பதில்லை. ஒப்பந்தம் அந்நிலையைக் கடினமாக்குகின்றது, இயலாததாக்குவதில்லை.

இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது ஏற்பாடொன்றும் உண்டு. அதுவே உண்மையிற் கண்டிக்கத்தக்கது. வேலையோ முடிவில்லாதது, வேலையாளோ மாதத்துக்கு மாதம் தற்காலிகமானவன். மனிதவள முகவர் நிறுவனங்கள் வழியாகத் தொழிலாளரை அமர்த்தி, நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையை ஆண்டுக்கணக்காகச் செய்வித்து, நிறுவனத்தின் ஊழியர் என்ற பெயரை மட்டும் அவர்களுக்கு மறுக்கும் வழக்கம் இலங்கையின் அரச துறையிலும் தனியார் துறையிலும் பரவியது. மின்சாரம், தொலைத்தொடர்பு முதலிய துறைகளில் இவ்வாறு பணியாற்றியோர் 2010களில் நிரந்தர நியமனம் கோரிப் போராடினர். அவர்களது கோரிக்கையின் அறவலிமை சம்பளத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை. புயல் வீசும் இரவிற் கம்பத்தில் ஏறுக என்று கேட்பவர், நெடுங்கால உறவில் மட்டுமே கேட்கத்தக்க ஒன்றைக் கேட்கிறார். விசுவாசத்தைப் பெற்றுக்கொண்டு விசுவாசத்தைத் திருப்பித்தர மறுப்பவர், பண்டத்தை வாங்கிக்கொண்டு விலைகொடுக்க மறுப்பவரைப் போன்றவர். ஒப்பந்தத்துக்குரிய கடினத்தையும் நிரந்தரத்துக்குரிய கடமையையும் ஒருவன் தோளிலேயே சுமத்திவிட்டு, முன்னதன் ஊதியத்தையோ பின்னதன் பாதுகாப்பையோ அவனுக்குக் கொடாமை எந்த ஒழுக்கநெறிக்கும் ஏற்புடையதாகாது.

இனி, நெடுந்தீவு இளைஞனிடம் மீளலாம். தீவில் தங்குதல் அவன் கடமை என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் அவ்வாறு கூறுவோர் பெரும்பாலும் கொழும்பிலோ கடல்கடந்த நாடுகளிலோ வாழ்பவராக இருத்தல் கூடும். தாம் விட்டுச்சென்ற ஊருக்காகப் பிறனொருவன் தியாகம் செய்யவேண்டும் என்று எதிர்பார்த்தல் அறமாகாது. கடனைத் தீர்ப்பதும் ஒரு கடமையே. தமக்கையின் மானத்தைக் காப்பதும் ஒரு கடமையே. வறியவனின் தெரிவுகளில் அறமும் பொருளும் பிரிக்கவியலாதவாறு பின்னிக்கிடக்கின்றன. அவன் ஒப்பந்தத்தை ஏற்றுச் செல்வானாயின் அவனைக் குறைகூறுவதற்கு எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும், எதனைத் தெரிந்தாலும் அவனை விட்டு நீங்காத கடப்பாடு ஒன்று உண்டு. ஒப்பந்தத்திற் செல்வானாயின், தான் பொருத்தியதைத் தனக்குப்பின் ஒருவன் பழுதுபார்க்கப் போகிறான் என்பதை நினைவிற்கொண்டு வேலைசெய்தல் வேண்டும். மறைந்துபோகும் இணைப்பையும் ஒழுங்காக முறுக்குதல், வரைபடத்தில் மாற்றத்தைக் குறித்துவைத்தல், அங்கு நிற்கப்போகும் இளைஞனுக்குக் கைப்பிடித்துக் காட்டிக்கொடுத்தல் என்பன உடன்படிக்கையில் எழுதப்படாத பகுதிகள். நிரந்தரத்தில் நிற்பானாயின், நியமனம் தன் இருக்கைக்கு அன்று, தன் விழிப்புக்கு வழங்கப்பட்டது என்பதை மறவாதிருத்தல் வேண்டும். தான் சேர்த்த அறிவைத் தன் முக்கியத்துவத்துக்குக் காவலாக வைத்துக்கொள்ளாது, அடுத்தவனுக்குக் கையளித்தல் வேண்டும். சமூகத்துக்கும் ஒரு கடப்பாடு உண்டு. முடிவில்லாத வேலைக்கு ஒருவனை அழைக்கும்போது, அவன் அங்கு வாழத்தக்க சம்பளம், பிள்ளைகளுக்குப் பாடசாலை, நோயுற்றால் வைத்தியம், கரைக்குச் செல்லப் படகு ஆகியவற்றையும் அது தருதல் வேண்டும். இவற்றைத் தராது, தீவை விட்டுச் செல்கின்றான் என்று அவனை நொந்துகொள்ளும் சமூகம் தன் குற்றத்தையே அவன்மேல் ஏற்றுகின்றது.

பழமொழி ‘யாரிடத்தே மேய்ப்பது’ என்று கேட்டது. கேட்கவேண்டிய வினா, ‘மேய்க்கப்படுவது யாது, அது எவ்வளவு காலம் மேய்ப்பனை வேண்டிநிற்கும்’ என்பதே. முடிவுள்ள வேலைக்கு முடிவுள்ள உடன்படிக்கையும், முடிவில்லாத வேலைக்கு நிலைத்த உறவும் அமையுமிடத்து இரண்டும் அறமாகும். மாறியமையுமிடத்து யாரோ ஒருவர் தமக்குரியதல்லாத சுமையைச் சுமக்கின்றனர். நெடுந்தீவிற் பொழுதுசாயும் வேளையில் விளக்கேற்றிப் படிக்க அமரும் பிள்ளைக்கு, மின்னிலையத்தில் நிற்பவன் எவ்வகை நியமனம் பெற்றவன் என்பது தெரியாது, தெரியவேண்டியதுமில்லை. விளக்கு அணைந்தால் அதனை மீண்டும் ஏற்ற ஒருவன் அங்கு இருக்கின்றான் என்னும் நம்பிக்கை மட்டுமே அப்பிள்ளைக்கு வேண்டும். அந்த ஒருவன் நாளையும் அங்கு இருப்பதற்கு வகைசெய்தல், அவன் ஒருவனது பொறுப்பன்று. அவ்வொளியைப் பெறும் அனைவரதும் பொறுப்பாகும்.